கள்ளுக் குடமும் கரிவாயுவும்
நொதித்தற் கலையின் இரு வரலாறுகள்

தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலைகளிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் தொடங்குவர். ஆலை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அத்தொழிலின் கரு ஏதேனும் ஒரு குடிசையின் மண்பானையில் இருந்திருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுவதுண்டு. மரக்கழிவை வாயுவாக்கி, அவ்வாயுவை நுண்ணுயிர்களுக்கு உணவாக ஊட்டி, எரிபொருள் பெறும் இக்காலப் புதுத்தொழிலும் அத்தகையதே. அதன் ஒரு வேர் கள்ளுக் குடத்தில் இருக்கிறது. மற்றொரு வேர் கரியடுப்பில் இருக்கிறது. இவ்விரு வேர்களும் ஒருசேரப் படர்ந்த மண் பேராக் மாநிலத்துச் சித்தியவான் ஆகும்.

சித்தியவானின் இரு பானைகள்

1903-ஆம் ஆண்டில் மெதடிஸ்ட் திருச்சபையின் முயற்சியால் சீனத்தின் பூச்சௌ மக்கள் சித்தியவானில் வந்து குடியேறினர். அவர்கள் தம்முடன் கொண்டுவந்த கலைகளுள் ஒன்று செவ்வரிசி மது வடித்தல். பசையரிசியைச் சோறாக்கி ஆற்றி, செந்நிறப் பூசணம் படர்ந்த அரிசியைக் கலந்து, சாடியில் மூடி வைப்பர். நாள்கள் பல கழிந்தபின் சிவந்த மது ஊறும். இன்றும் அவ்வூர் உணவுக்கடைகளில் அம்மதுவும், அதனை வார்த்துச் சமைக்கும் நூல்மீயும் பெயர் பெற்றவை.

அதே வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரிடையே வழங்கியது தென்னங்கள். ஒரே ஊரில், சில கல் தொலைவிற்குள், இரு வேறு மக்கள் இரு வேறு பானைகளில் நொதித்தலைப் போற்றி வந்தனர். ஒன்றில் மாவுப்பொருள் மதுவாயிற்று. மற்றொன்றில் சர்க்கரை மதுவாயிற்று. இவ்வேறுபாடு சிறியதன்று. மாவை நேரே மதுவாக்கும் ஆற்றல் நாம் பொதுவாக அறிந்த ஈஸ்ட்டுக்கு இல்லை. முதலில் அதனைச் சர்க்கரையாக்க வேறொரு துணை வேண்டும். அத்துணையைச் செவ்வரிசிப் பூசணம் தருகிறது. 1895-இல் டச்சு அறிஞர் வென்ட் என்பார் ஜாவாவில் கிடைத்த இப்பூசணத்தை ஆராய்ந்து அதற்கு மோனஸ்கஸ் பர்ப்பூரியஸ் என்னும் பெயரை வழங்கினார்.

இக்கலை தமிழர்க்கும் புதியதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, சோற்றுக் கூழிலிருந்து மது வடிக்கும் முறையைப் படிப்படியாக உரைக்கின்றது. அரிசிக் களியை அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றுதல், கறையான் புற்றின் உட்பகுதி போன்ற தோற்றமுடைய அடையொன்றை அதிற் கலத்தல், இரு பகலும் இரு இரவும் சாடியில் வைத்து முதிரவிடுதல் ஆகியன அங்குக் கூறப்படும் செயல்கள். களியை ஏன் ஆற்றவேண்டும் என்று மாணவன் வினவக் கூடும். சுடுகூழில் அடையைக் கலந்தால் அடையின் ஆற்றல் அழிந்துபடும் என்பதே விடை. அவ்வடை நெல்முளையால் ஆனதாயினும் பூசணத்தால் ஆனதாயினும் அதன் தொழில் ஒன்றே. மாவைச் சர்க்கரையாக்கும் நொதியை வழங்குதலே அது.

நொதி என்னும் சொல்லும் பொருளும்

நொதி என்பது யாது? உயிரணுக்கள் தமக்குள் ஆக்கிக்கொள்ளும் புரதப்பொருள். தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவது. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளில் மட்டுமே செயற்படும். 1833-இல் பிரான்சு நாட்டுப் பாயனும் பெர்சோவும் முளைத்த தானியத்திலிருந்து மாவைக் கரைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டனர். நொதிகளின் ஆராய்ச்சி வரலாறு அங்குத் தொடங்குகிறது எனலாம்.

பின்னர் லூயி பாஸ்டர் நொதித்தல் உயிர்களின் தொழிலே என்று நிலைநாட்டினார். உயிர் இன்றேல் நொதித்தலும் இன்று என்பது அவர் கொள்கை. 1877-இல் ஜெர்மானியர் கூனே, இத்தகைய பொருள்களுக்கு என்சைம் என்னும் பெயரைச் சூட்டினார். ஈஸ்ட்டினுள் இருப்பது என்பது அக்கிரேக்கத் தொடரின் பொருள். 1897-இல் எட்வர்டு புக்னர் ஈஸ்ட்டை மணலுடன் அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றும் எஞ்சாத அச்சாற்றைச் சர்க்கரையில் இட்டார். சாறு நுரைத்தது, மது விளைந்தது. உயிரணு இறந்த பின்னும் அதன் நொதி தன் தொழிலைச் செய்தது. 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்டர் கண்டது பணிமனையை; புக்னர் கண்டது பணியாளரை. இருவர் கூற்றும் தத்தம் அளவில் உண்மையே.

தமிழில் நொதி என்னும் சொல் இக்கருத்துக்கு மிகப் பொருந்தியது. நுரைத்துப் பொங்குதலைக் குறிக்கும் நொதித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தமையால், கேட்ட அளவில் மாணவன் மனத்தில் பொங்கும் மாவுச்சட்டி தோன்றும்.

தோட்டத்துக் கள்

தென்னம் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்திற்குள் கள்ளாகும். காற்றிலும் பழங்கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டுகளும், சைமோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்களும் அந்நீரிற் குடிபுகுகின்றன. ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸ் எனும் நொதி சர்க்கரையை இரு கூறாகப் பிளக்கின்றது. அதன்பின் நொதிகள் பல வரிசையாக நின்று, ஒன்று விட்ட பொருளை மற்றொன்று ஏற்று, இறுதியில் எத்தனாலையும் கரியமில வாயுவையும் தருகின்றன. மேலும் ஒரு நாள் விட்டுவைத்தால் வேறு நுண்ணுயிர்கள் எத்தனாலைக் காடியாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் இவ்வுயிர்கள் பெருகுவதில்லை. அவற்றின் நொதிகளும் முடங்குகின்றன. மரமேறியின் சுண்ணாம்புக் கீற்று, நொதியியலின் முதற் பாடங்களுள் ஒன்றாகும்.

ஆயினும் தோட்டத்துக் கள்ளின் வரலாற்றை வேதியியலோடு நிறுத்துதல் நேர்மையன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளுக்கடை தோட்ட வாழ்வின் அமைப்புகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. பகலெல்லாம் பால் வெட்டிப் பெற்ற கூலி மாலையில் அக்கடைக்குச் சென்றது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் இடம்பெற்றது. அவ்வேலைநிறுத்தம் படைவலியால் ஒடுக்கப்பட்டது. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளொழிப்பைத் தலைக்கொண்டது. 1947-இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் அவ்வியக்கத்தினர் காவலரோடு மோத நேர்ந்தது. நொதித்தல் எனும் இயற்கைச் செயல் யார் கையில், யார் நலத்திற்காக நடைபெறுகிறது என்ற வினாவை அத்தொழிலாளர் அன்றே எழுப்பினர்.

கரிவாயு ஓட்டிய வண்டிகள்

இனி இரண்டாம் வேரைக் காண்போம். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவினுட் புகுந்தனர். 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் பெட்ரோல் அருகிப்போயிற்று. பேருந்துகளும் லாரிகளும் பின்புறத்தில் உருளை வடிவான அடுப்பொன்றைச் சுமந்து திரிந்தன. அவ்வடுப்பில் கரியோ விறகோ இட்டு, முற்றும் எரிய இடங்கொடாது அளவாகவே காற்றைச் செலுத்துவர். அரைகுறையாக எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகிய எரியும் வாயுக்களைத் தரும். காற்றிலுள்ள நைட்ரஜனும் அவற்றோடு கலந்தே வரும். ஏறத்தாழப் பாதிப் பங்கு அதுவே. ஆதலின் வாயுவின் வலிமை குறைந்தது. ஏற்றங்களில் வண்டி திணறியது. 1920-களில் ஜார்ஜ் இம்பர்ட் செம்மை செய்த இத்தகைய அடுப்புகளைப் பூட்டி அப்போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் பல இலட்சம் வண்டிகள் ஓடின.

பேராக் கடற்கரையில் கரிக்குக் குறைவில்லை. மாத்தாங் கண்டற்காடுகளின் மரத்தைச் சூளையிட்டுக் கரியாக்கும் தொழில் கோலா செப்பத்தாங்கில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. ஆனால் அவ்வாயு அடுப்பு கொடியதொரு நஞ்சையும் உடன்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூச்சில் புகுந்தால் குருதியின் செந்நிறப் பொருளைப் பற்றிக்கொண்டு, உயிர்வளிக்கு இடமில்லாமற் செய்துவிடும். அடைத்த கொட்டகையில் இவ்வடுப்பை மூட்டுதல் சாவை அழைத்தலாகும்.

போர் ஓய்ந்து பெட்ரோல் வந்ததும் வாயு அடுப்புகள் பழைய இரும்பாயின. கள்ளுக் குடமும் கரிவாயுவும் ஒன்றையொன்று சந்திக்கும் என்று அன்று மலாயாவில் எவரும் எண்ணியிருத்தல் அரிது. ஆயினும் அச்சந்திப்புக்கு வேண்டிய உயிர்கள் ஆய்வுக்கூடங்களில் அதற்குள் தலைகாட்டியிருந்தன.

வாயுவை உண்ணும் உயிர்

1936-இல் ஹாலந்து நாட்டு வீரிங்கா என்பார் சேற்றிலிருந்து விந்தையான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். அது சர்க்கரையின்றியே, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் உண்டு காடியமிலம் ஆக்கியது. கிளாஸ்டிரிடியம் அசெட்டிக்கம் என அதற்குப் பெயர். போர்க்காலக் குழப்பத்தில் அவ்வினம் ஆய்வுக்கூடங்களிலிருந்து மறைந்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், அமெரிக்கப் பேராசிரியர் பார்க்கரின் ஆய்வுக்கூடத்தில் பழைய குழாயொன்றில் உறங்கிக் கிடந்த விதைத்துகள்களிலிருந்து அது மீண்டும் எழுப்பப்பட்டது. 1981-இல் அச்செய்தி வெளியாயிற்று.

இதற்கிடையே, 1942-இல் குதிரைச் சாணத்திலிருந்து கிடைத்த மற்றோர் உறவினத்தைக் கொண்டு ஹார்லண்டு வுட், லார்ஸ் யுங்டால் ஆகியோரும் அவர்தம் மாணவரும் பல பத்தாண்டுகள் உழைத்து, வாயு உடலாகும் வழியை ஒவ்வொரு படியாக விளக்கினர். அவ்வழி இன்று வுட்–யுங்டால் வழி எனப்படுகிறது. 1987-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் ஜேம்ஸ் கேடியின் குழுவினர் கோழிப்பண்ணைக் கழிவிலிருந்து, கார்பன் மோனாக்சைடை உண்டு எத்தனாலும் தரும் உயிரைப் பிரித்தனர். யுங்டாலின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1994-இல் பெல்ஜியத்தில் முயற்புழுக்கையிலிருந்து கிளாஸ்டிரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம் கிடைத்தது. சாணத்தையும் சேற்றையும் இழிவென ஒதுக்காதோர்க்கே இச்செல்வங்கள் வாய்த்தன.

இவ்வுயிரின் முதன்மை நொதி கார்பன் மோனாக்சைடு டிஹைட்ரோஜினேஸ் எனப்படும். நிக்கல், இரும்பு, கந்தகம் ஆகியன சேர்ந்த முடிச்சொன்று அதன் நடுவில் இருக்கிறது. அம்முடிச்சில் வந்தமரும் கார்பன் மோனாக்சைடு, நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவாகிறது. அப்பொழுது விடுபடும் எலெக்ட்ரான்களே அவ்வுயிரின் ஆற்றல். சில இனங்களின் நொதி வினாடிக்குப் பல்லாயிரம் முறை இச்செயலைப் புரியும். மனிதன் குருதியை முடக்கும் நஞ்சு இந்நொதிக்கு உணவு. மாறாக, மனிதனுக்கு உயிர்தரும் ஆக்சிஜன் இந்நொதியைக் கெடுத்துவிடும்.

வழியின் ஒரு கிளையில் கரியமில வாயு ஃபார்மிக் அமிலத்தின் உப்பாகிப் படிப்படியாக மெத்தில் கூறாகிறது. மறுகிளையில் கார்பன் மோனாக்சைடு நிற்கிறது. இரண்டையும் ஒட்டி ஈரணுக் கரித்தொடராக்குவதும் நிக்கல் தாங்கிய நொதியே. ஈண்டு ஒரு செய்தி எண்ணத்தக்கது. கள்ளச் சம்சுவில் மெத்தனால் கலந்திருந்தால் குடித்தவன் கண்ணிழப்பதும் உயிரிழப்பதும் அதே ஃபார்மிக் அமிலத்தால்தான். மனித ஈரலின் நொதிகள் மெத்தனாலை அவ்வமிலமாக மாற்றுகின்றன. ஆனால் அதனை விரைந்து நீக்க அவற்றால் இயல்வதில்லை. நுண்ணுயிரோ அதனை வழியிலுள்ள ஒரு படியாக மிதித்துச் செல்கிறது.

இவ்வாறு விளைவது பெரும்பாலும் காடியமிலம். அதனை எத்தனாலாக்க மேலும் இரு நொதிகள் வேண்டும். அவற்றுள் முதலாவதன் நடுவில் டங்ஸ்டன் எனும் அரிய உலோகம் இருக்கிறது. ஈப்போவை அடுத்த கிராமாட் பூலாய்ச் சுரங்கத்தில் 1930-களில் வெட்டியெடுக்கப்பட்ட தாது இதே உலோகத்திற்குரியது. எஃகை உறுதியாக்குதற்கென்று தேடப்பட்ட உலோகம், கண்ணுக்குப் புலனாகாத உயிரின் கருவியாகவும் இருப்பது வியப்பே. ஊட்டநீரில் டங்ஸ்டன் சிறிதளவு சேர்க்கப்பெற்றால் எத்தனால் மிகும். நீரின் புளிப்பு ஏறினாலும் அவ்வுயிர் அமிலத்தை விடுத்து மதுவாக்கத் தொடங்கும். மிகுபுளிப்பில் தான் மாளாதிருக்கும் தற்காப்பு அது.

வெற்றியும் வீழ்ச்சியும்

வாயுவை எரிபொருளாக்க நுண்ணுயிர்தான் வேண்டும் என்பதில்லை. 1920-களில் ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் இருவரும் உலோகத் தூண்டியால் இதனைச் செய்துகாட்டினர். சரவாக்கின் பிந்துலுவில் 1993-இல் ஷெல் நிறுவனம் தொடங்கிய ஆலை, இயற்கை வாயுவை இம்முறையில் திரவமாக்குகிறது. ஆனால் அதற்கு மிகுந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும்; வாயுக்களின் விகிதம் வரையறையாக இருக்கவேண்டும்; கந்தகம் சிறிது கலந்தாலும் தூண்டி கெடும். நுண்ணுயிரோ உடற்சூட்டின் அளவிலேயே, விகிதம் மாறினும் பொறுத்துக்கொண்டு தொழில் செய்யும்.

வைக்கோல், சக்கை முதலியவற்றை நொதிகளால் நேரே கரைத்துச் சர்க்கரையாக்கும் வழியும் உண்டு. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022-இல் திறக்கப்பட்ட ஆலை நெல் வைக்கோலை அவ்வாறே பயன்படுத்துமாறு அமைந்தது. ஆனால் மரத்திற்கு உறுதிதரும் லிக்னின் அந்நொதிகளுக்கு வசப்படுவதில்லை. வாயுவாக்கும் அடுப்புக்கோ லிக்னினும் ஒன்றே, பஞ்சும் ஒன்றே, அனைத்தும் வாயுவாகும். கரிவாயு வழியின் தனிச்சிறப்பு இதுவாகும்.

ஆயினும் இவ்வழி எளிதன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீரோ கடற்கரையில் ஐனியோஸ் நிறுவனம் ஆண்டுக்கு 80 இலட்சம் காலன் எத்தனால் வடிக்கத் திட்டமிட்டு ஓர் ஆலையை எழுப்பியது. மரக்கழிவே அதன் மூலப்பொருள். 2013-இல் எத்தனால் வந்தது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கழிவை வாயுவாக்கும்போது எழுந்த ஹைட்ரஜன் சயனைடு நுண்ணுயிர்களை வாட்டியது. சயனைடு உலோகம் தாங்கிய நொதிகளை இறுகப் பற்றி முடக்குவது. சிறிதளவே கலந்த நஞ்சு பெருமுதலீட்டைச் சாய்த்தது; சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. பதநீர்க் கலயத்தின் சுண்ணாம்பு நொதியை நன்மைக்காக முடக்கியது. இங்குச் சயனைடு தீமைக்காக முடக்கியது. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

வேறொரு தடையும் உண்டு. கார்பன் மோனாக்சைடு நீரில் எளிதிற் கரைவதில்லை. அறையின் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் முப்பது மில்லிகிராமுக்கும் குறைவாகவே கரையும். உணவு எதிரே இருந்தும் உயிர் பசித்திருக்கும். ஆதலின் வாயுவை நுண்குமிழிகளாக்கிச் செலுத்தும் கலையே இத்தொழிலின் செலவையும் வெற்றியையும் பெரிதும் முடிவுசெய்கிறது. கார்பன் மோனாக்சைடு மட்டுமே உணவாயின், ஆறு பங்கு கரியில் நான்கு பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும்; ஹைட்ரஜனும் போதிய அளவு இருந்தால் அவ்விழப்பு நீங்கும்.

2018-இல் சீனத்தின் சாவ்ஃபெய்டியனில் லான்சாடெக் நிறுவனத்தின் முறையைத் தழுவிய ஆலை தொழில் தொடங்கியது. அது உண்பது எஃகாலையின் கழிவாயுவை. மரக்கழிவு வாயுவில் காணும் தாரும் சாம்பலும் அதில் இல்லாமை ஒரு வாய்ப்பாயிற்று. வாயுவை உண்ணும் உயிர் வணிகத்திற்கு உதவும் என்பது அதனால் தெளிவாயிற்று; மரக்கழிவு வாயுவைத் தூய்மை செய்யும் பணி இன்னும் கடினமாகவே உள்ளது.

செம்பனைக் காட்டின் வினா

சித்தியவான் வட்டாரத்துப் பால்மரங்களில் பெரும்பகுதி மறைந்து செம்பனை ஓங்கிவிட்டது. ஆலைக்குச் செல்லும் செம்பனைக் குலையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல், பழம் உதிர்ந்த வெறுங்குலையாக எஞ்சும். சில தோட்டங்களில் அது மரத்தடியில் உரமாகப் பரப்பப்படுகிறது. அதனை எரிபொருளாக்கலாம் என்ற எண்ணம் மலேசிய அரசின் உயிர்க்கழிவுத் திட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. வெறுங்குலையில் ஈரம் மிகுதி. பொட்டாசியமும் குளோரினும் உண்டு. அவற்றால் சாம்பல் உருகி அடுப்பில் கட்டிபடும். மேலும் குலை முழுவதையும் அடுப்பிலிட்டால் மண்ணுக்குச் செல்லவேண்டிய உரம் குறையும். இவற்றையெல்லாம் எடைபோட்டே முடிவுகாண வேண்டும்.

எடைபோடவேண்டிய மற்றொன்றும் உண்டு. பால்மரம் செம்பனையாக மாறியபோது, ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைந்தனர். லயங்கள் ஒழிந்தன, தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன, மாணவர் குறைந்த தோட்டப்பள்ளிகள் பல. தொழில்நுட்பம் மாறுந்தோறும் மண்ணில் உழைத்தவன் விலகி நிற்கவேண்டியதாயிற்று என்பது இவ்வட்டாரம் கண்ட வரலாறு. நாளை வெறுங்குலையின் வாயுவை நுண்ணுயிர் உண்டு எரிபொருள் தருமாயின், அவ்வாலையில் உலையின் ஆய்வாளராக, நொதியியல் அறிஞராக, பொறியாளராக நிற்போர் யார்? 1941-இல் கள்ளுக்கடையை நோக்கி எழுப்பப்பட்ட வினாவின் மறுவடிவமே இது. அன்று நொதித்தலின் விளைவைத் தடுக்கக் கேட்டனர். இன்று அதன் அறிவில் பங்கு கேட்கவேண்டும்.

அப்பங்கு பள்ளியறையில் தொடங்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தை அறிந்த சமூகத்தின் பிள்ளைக்கு நொதியின் முடக்கம் அயலானதன்று. ஆற்றிய கூழில் அடை கலந்ததைப் பாடிய இலக்கியத்தின் மாணவனுக்கு வெப்பமும் நொதியும் கொண்ட உறவு புதிதன்று. இரவில் அரைத்துவைத்த இட்டலி மாவு காலையில் பொங்கி நிற்பதை நாளும் காண்கிறான். அம்மாவுச்சட்டியிலிருந்து தொடங்கி, கள்ளுக் கலயத்தையும் கரிவாயு அடுப்பையும் காட்டி, நிக்கல் தாங்கிய நொதிவரை அவனைத் தமிழிலேயே அழைத்துச் செல்ல இயலும். அவ்வாறு அழைத்துச் செல்லும் பணி தமிழாசிரியர்க்கும் அறிவியல் ஆசிரியர்க்கும் பொதுவானது.